தந்தையின் கை போனால் பிள்ளையின் படிப்பும் போக வேண்டுமா?

வேலைத்தளத்தில் நடக்கும் ஒரு விபத்து யாரைக் காயப்படுத்துகின்றது? இயந்திரத்தில் கை சிக்கியவரை, கட்டடத்தின் மேல் தட்டிலிருந்து விழுந்தவரை, கொதிநீர் பட்டவரை என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுவோம். வைத்தியசாலையும் அவர் பெயரையே பதிகின்றது. சட்டமும் அவரது உடலையே கணக்கிடுகின்றது. எந்தக் கை, எத்தனை விரல், எத்தனை வீதம் இயலாமை என்று அது பார்க்கின்றது. ஆனால் அதே வீட்டில் க.பொ.த. உயர்தரம் படிக்கும் மகள் ஒருத்தியோ, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கிடைத்த மகன் ஒருவனோ இருந்தால், அந்த விபத்து அவர்களையும் சேர்த்தே தாக்குகின்றது. அந்தக் காயத்தை எந்த வைத்தியரும் எழுதித் தருவதில்லை.

மருதானை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெமட்டகொடை எனக் கொழும்பின் பல பகுதிகளில், யுத்தத்தினால் ஊரையும் உறவையும் இழந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. காணி இல்லை, தோட்டம் இல்லை, விற்றுச் சமாளிக்க ஓர் ஆடு மாடும் இல்லை. வீட்டில் ஒருவரின் உழைப்பே முழு முதலாக இருக்கின்றது. வடக்கிலும் கிழக்கிலும் கணவனை இழந்தோ காணாமற்போகக் கொடுத்தோ தனித்து நின்று குடும்பத்தை நடத்தும் சகோதரிகளின் நிலையும் இதுதான். முகமாலைப் பகுதியில் கண்ணிவெடி அகற்றும் பணியில் நீண்ட காலமாகப் பெருந்தொகையான பெண்கள் ஈடுபட்டு வந்துள்ளார்கள். அவர்களில் பலர் குடும்பத் தலைவிகள். இப்படியான ஒரு வீட்டில் உழைக்கும் அந்த ஒருவர் வேலையில் காயப்பட்டால், முதலில் நிறுத்தப்படுவது மூத்த பிள்ளையின் படிப்பு. பெரும்பாலும் அந்த மூத்த பிள்ளை ஒரு பெண் பிள்ளை.

இவ்வாறு படிப்பை நிறுத்தத்தான் வேண்டுமா? நிறுத்தாமல் இருக்க இன்றைக்கு என்ன வழிகள் உண்டு? இன்னும் என்ன வழி உருவாக்கப்பட வேண்டும்? இவற்றை எமது வாசகிகளுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலவசக் கல்வி இருந்தும்

"எங்கட நாட்டில கம்பஸ் இலவசம்தானே, பிறகு ஏன் புலமைப்பரிசில்?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியினால் 1945 முதல் இந்நாட்டில் கல்வி இலவசமாக்கப்பட்டது. அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்கு விரிவுரைக் கட்டணம் கிடையாது. ஆனால் தங்குமிடம், சாப்பாடு, பஸ் காசு, போட்டோக்கொப்பி, உடுப்பு, வீட்டுக்கு வந்து போகும் செலவு என்பன இலவசம் அல்ல. கொழும்பில் வாழும் பிள்ளைக்குப் பேராதனையோ யாழ்ப்பாணமோ ஒலுவிலோ கிடைத்தால் செலவு இன்னும் கூடும்.

இதைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. பிள்ளை உழைக்கப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய சம்பளம்தான் அது. தகப்பன் படுக்கையில் கிடக்கும்போது, கடையில் நின்றாலே மாதச் சம்பளம் வரும் என்ற எண்ணம் தாயின் மனதை மட்டுமல்ல, பிள்ளையின் மனதையும் அரிக்கின்றது. ஆகவே எமது நாட்டில் உயர்கல்விப் புலமைப்பரிசில் என்பது கட்டணம் கட்டும் காசு அல்ல. பிள்ளை படிப்பை விட்டுப் போகாமல் பிடித்து வைக்கும் காசு அது.

ஒரு குடும்பத்துக்கு நடந்தது

எமது பணியின்போது மருதானையில் சந்தித்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களின் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதவாறு எழுதுகிறேன். முல்லைத்தீவிலிருந்து யுத்தத்தின் பின்னர் வந்தவர்கள். தகப்பன் வாகன உதிரிப்பாகங்கள் திருத்தும் ஒரு சிறிய வேலைத்தளத்தில் நாட்சம்பளத்துக்கு நின்றவர். தாய் இரண்டு வீடுகளில் சமையல் செய்தவர். மகள் உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். மகன் ஒன்பதாம் ஆண்டு.

தகப்பனின் வலது கையில் நான்கு விரல்கள் இயந்திரத்தில் போயின. வைத்தியம் அரசாங்க வைத்தியசாலையில் என்பதால் செலவில்லை. ஆனால் அவரைப் பார்ப்பதற்காகத் தாய் தனது வேலையை விட்டார். ஒரு சம்பளம் போன இடத்தில் இரண்டு சம்பளம் போயின. முதலாளி வீட்டுக்கு வந்து 60,000 ரூபா கொடுத்து, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் ஒப்பம் வாங்கிச் சென்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வீட்டு வாடகைப் பாக்கி, அடகு வட்டி, மருந்து என்று அந்தக் காசு இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

அந்தத் தாய் எம்மிடம் வந்தது நட்டஈடு பற்றியோ புலமைப்பரிசில் பற்றியோ கேட்பதற்கு அல்ல. "அவளுக்கு ஒரு கடை வேலை எடுத்துத் தந்தாப் போதும் மிஸ். கம்பஸ் எல்லாம் பிறகு பாப்பம்" என்றார். பல்கலைக்கழகப் பதிவுக்கு அப்போது ஒன்பது நாட்கள் இருந்தன. பல்கலைக்கழகத்தில் "பிறகு" என்று ஒன்று இல்லை என்பது அவருக்குத் தெரியாது. குறித்த நாளில் பதியாவிட்டால் அந்த இடம் கைநழுவிப் போய்விடும். மகளுக்கு அது தெரியும். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்து அவள் வாய் திறக்கவில்லை.

அந்த ஒன்பது நாட்களுக்குள் பதிவு செய்யப்பட்டது. விபத்தைக் குறிப்பிட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப்பட்டது. அவள் படித்த பாடசாலையின் பழைய மாணவிகள் சிலர் முதல் வருடத் தங்குமிடச் செலவை ஏற்றார்கள். தாய் திரும்பவும் ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறார். நட்டஈட்டு விண்ணப்பமும் கொடுக்கப்பட்டது. அது இன்னும் முடியவில்லை. மகள் படிக்கிறாள். ஆனால் இந்த உதவிகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடி, தனித்தனிக் கதவில் தட்ட வேண்டியிருந்தது. அந்தத் தாய் வேலை கேட்டு வராமல் இருந்திருந்தால் அவளைப் பற்றி எவருக்கும் தெரிந்தே இருக்காது.

சட்டம் என்ன தருகின்றது?

வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு என்பது முதலாளியின் தர்மம் அல்ல. அது உரிமை. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் அதைக் கூறுகின்றது. இந்தச் சட்டம் தானாக வந்ததல்ல. அதற்கு முன்னைய ஆண்டுகளில் கொழும்புத் தொழிலாளர்கள் பல போராட்டங்களை நடத்தினார்கள். 1929 இல் ட்ராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது இதே மருதானையில் பொலிஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. 1933 இல் வெள்ளவத்தை நூல் நெசவு ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளியின் உடலுக்கும் உயிருக்கும் ஒரு பெறுமதி உண்டு என்பதை நாடு ஒத்துக்கொண்டது அத்தகைய ஒரு காலத்தில்தான்.

இச்சட்டத்தில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டியவை சில.

தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாதவருக்கு, குணமாகும் வரை அரை மாதத்துக்கு ஒரு தடவை கொடுப்பனவு உண்டு. நிரந்தரமாக அங்கம் இழந்தவருக்கு, இயலாமையின் வீதத்துக்கு ஏற்ப ஒரு மொத்தத் தொகை உண்டு. தொழிலாளி இறந்தால் அந்தத் தொகையை முதலாளி ஆணையாளரிடம் வைப்புச் செய்ய வேண்டும். ஆணையாளரே அதைத் தங்கிவாழ்வோருக்குப் பகிர்ந்தளிப்பார். வயது குறைந்த பிள்ளையின் பங்கைப் பிள்ளையின் நன்மைக்காக முதலீடு செய்து வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்தவர் நாட்சம்பளக்காரராக இருந்தாலும் கேட்கலாம். நியமனக் கடிதம் இல்லை என்பது மட்டும் உரிமையை இல்லாமற் செய்யாது. கொன்ட்ராக்காரரின் கீழ் நின்றவரும், வேலையை ஒப்படைத்த பெரிய நிறுவனத்திடம் கேட்க இடமுண்டு. "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று ஒப்பமிட்டுக் கொடுத்த தாள், சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது. நட்டஈட்டுத் தொகையைக் கடன்காரர் பறித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தராது. நுண்கடன் தொல்லையில் இருக்கும் சகோதரிகள் இதைக் குறிப்பாக மனதில் வைத்திருக்க வேண்டும்.

நட்டஈட்டின் உச்ச வரம்பு 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 550,000 ரூபாவாக இருந்தது. பொருட்களின் விலை பல மடங்கு ஏறிய பின்பும் 17 ஆண்டுகள் அது அப்படியே நின்றது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அது 20 இலட்சம் ரூபா வரை உயர்த்தப்பட்டது. வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் அப்போது சேர்த்துக்கொள்ளப்பட்டன. அதிகாலையில் பஸ்ஸிலும் ரயிலிலும் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகின்றவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

ஆனாலும் இது உச்ச வரம்பு மட்டுமே. இரண்டு விரல் போனவருக்கு அதில் ஒரு பங்குதான் வரும். அதுவும் ஒரே தடவையில் வந்து, ஒரே தடவையில் தீர்ந்துவிடும். பிள்ளையின் படிப்போ மூன்று நான்கு வருடங்கள், மாதா மாதம் காசு கேட்கும். விசாரணை முடிந்து காசு வரும் காலமும், பிள்ளை படிப்பை விடும் காலமும் ஒன்றல்ல. பிள்ளை முதல் சில மாதங்களுக்குள்ளேயே விட்டுவிடுகின்றது. இந்த இடைவெளியைத்தான் நாம் நிரப்ப வேண்டியிருக்கின்றது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யுத்தக் காயமும் வேலைக் காயமும் சட்டத்தின் முன் வெவ்வேறானவை. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் 90 பேர் வரை இறந்து, 1,000 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். அவர்களில் பலர் தமது அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். யுத்தத்தினால் ஏற்பட்ட இழப்புகளை முன்னர் 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான புனர்வாழ்வு அதிகார சபை கவனித்தது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர் இழப்பீட்டுக்கான அலுவலகம் அதைக் கவனிக்கின்றது. வேலை விபத்துக்கு அங்கே போவதும், யுத்தக் காயத்துக்கு நட்டஈட்டு ஆணையாளரிடம் போவதும் அலைச்சலையே தரும். எங்கே போவது என்பதை முதலிலேயே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பிள்ளைக்கு இன்று கிடைக்கக்கூடியவை

வேலையில் காயப்பட்டவரின் பிள்ளை என்று தனியான பெயர் இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளை கேட்கக்கூடிய உதவிகள் சில உண்டு.

மகாபொல: அப்போதைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் தோன்றி, 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட நிதியத்திலிருந்து வழங்கப்படுகின்றது. திறமைக்கும் வறுமைக்கும் என இரு வகையிலும் மாணவர் தெரிவாகின்றார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு மாணவர் உதவித்தொகை, அதாவது பேர்சரி உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலத் தவணை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், உதவித்தொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. 7,500 ரூபாவை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 250 ரூபா. ஒரு சோற்றுப் பார்சலுக்கே அது காணாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அது பிள்ளையின் பெயரில் வரும் நிச்சயமான காசு. விண்ணப்பத்தில் வருமானம் எழுதும்போது விபத்துக்கு முந்திய சம்பளத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். விபத்து நடந்த திகதி, வருமானம் நின்ற விதம், வைத்தியச் சான்று என்பவற்றையும் இணையுங்கள். முதலில் கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யுங்கள்.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம்: 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்தது. சம்பளத்தின் 3 வீதத்தை முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் வெட்டக்கூடாது. காசைச் சேமிப்பதோடு நில்லாமல், நிரந்தர முழு இயலாமை, மரணம் என்பவற்றுக்கான காப்புறுதி நன்மைகளையும், அங்கத்தவரின் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில்களையும் இந்நிதியம் வழங்கி வந்துள்ளது. இதை அறியாத அங்கத்தவர்களே அதிகம். ஆகவே நிதியக் கிளையில் நேரில் கேளுங்கள். முதலாளி கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்: பதிவு செய்து வெளிநாடு சென்றவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை, சாதாரண தரம், உயர்தரம் என்பவற்றில் சித்தியடையும்போது பணியகம் புலமைப்பரிசில் வழங்கி வந்துள்ளது. பதிவு செய்தவர்களுக்குக் காப்புறுதியும் உண்டு. 2010 ஆம் ஆண்டு ஆகஸ்டில் சவூதி அரேபியாவிலிருந்து உடலில் ஆணிகளும் ஊசிகளும் ஏற்றப்பட்ட நிலையில் ஒரு தாய் நாடு திரும்பியதை நாம் மறக்கவில்லை. பிள்ளைகளுக்காகவே அவரும் போனவர். ஏஜென்சி சொல்வதை நம்பிப் பதிவில்லாமல் போனால், காயத்தோடு திரும்பும் நாளில் தாய்க்கும் பிடிமானம் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

ஜனாதிபதி நிதியம்: வறிய குடும்பங்களின் உயர்தர மாணவருக்குப் புலமைப்பரிசிலும், நோயாளருக்கு வைத்திய உதவியும் வழங்கி வந்துள்ளது. 2025 முதல் பிரதேச செயலகங்களின் ஊடாகவும் இந்நிதியத்தை அணுகலாம். கொழும்புக்கு வந்து அலையத் தேவையில்லை.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளையின் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மருதானையில் 1893 முதல் இயங்கி வரும் தொழில்நுட்பக் கல்லூரியிலும், நாட்டின் பல பாகங்களில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரிகளிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பெண் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வேலை செய்துகொண்டே படிக்க விரும்புபவருக்குத் திறந்த பல்கலைக்கழகம் உண்டு.

எடுத்து வைக்க வேண்டிய பத்திரங்கள்

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்தவர்கள் நாங்கள். அதனாலேயே பல உதவிகள் எமது கைக்கு வராமல் போகின்றன. வேலையில் விபத்து நடந்தால் வீட்டிலுள்ள பெண்கள் உடனே செய்ய வேண்டியவை இவை.

முதலாளிக்கு விபத்தை எழுத்தில் அறிவித்து, ஒரு பிரதியை நீங்கள் வைத்திருங்கள். உரிமை கோரக் காலவரையறை உண்டு என்பதால் தாமதிக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது, "வேலை செய்யும் இடத்தில் காயப்பட்டவர்" என்று சொல்லிப் பதியுங்கள். முதலாளியின் பயத்தில் "வீட்டில் விழுந்தவர்" என்று சொன்னால் பிறகு அதை மாற்றுவது கடினம். வைத்தியசாலை தரும் நோய் நிர்ணய அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பத்திரப்படுத்துங்கள்.

சம்பளத் துண்டு, வரவுப் பதிவு, சம்பளக் காசு வைத்துத் தந்த கவர், முதலாளியின் தொலைபேசிச் செய்தி என்பனவும் அவர் அங்கே வேலை செய்ததற்குச் சான்றுகளே. கூட வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள்.

விளங்காத மொழியில் உள்ள எந்தத் தாளிலும் ஒப்பமிட வேண்டாம். தமிழில் தரும்படி கேளுங்கள். அல்லது வாசித்து விளக்கக்கூடிய ஒருவர் வரும் வரை பொறுத்திருங்கள்.

கணவர் காணாமற்போன சகோதரிகளின் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் வருவதுண்டு. விண்ணப்பத்தில் தகப்பனின் தொழில், வருமானம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, ஆள் காணாமற்போயுள்ளார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது. தாயே காயப்பட்டிருக்கும் வீட்டில் அந்தச் சான்றிதழும், தாயின் வைத்தியச் சான்றும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் ஒன்றாகக் கோவையில் இருந்தால் பிள்ளை ஒவ்வொரு முறையும் தன் கதையை முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியதில்லை.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஜேர்மனியில் வேலை விபத்தில் பெற்றோர் இறந்தால் பிள்ளைக்கு 18 வயது வரை மாத ஓய்வூதியம் உண்டு. பிள்ளை தொடர்ந்து படித்தால் அது 27 வயது வரை நீடிக்கப்படுகின்றது. படிப்பு ஒரு காரணமாகச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றது. சர்வதேச தொழில் அமைப்பின் 1964 ஆம் ஆண்டின் 121 ஆம் இலக்கச் சமவாயமும், நிரந்தரமாகக் காயப்பட்டவருக்கும் தங்கிவாழ்வோருக்கும் காலத்துக்குக் காலம் கொடுப்பனவு செய்வதையே பொது முறையாகக் கொள்கின்றது.

இந்தியாவில் தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் கீழ் காப்புறுதி செய்யப்பட்ட தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, அந்தக் கழகத்தின் மருத்துவக் கல்லூரிகளில் தனி இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. சென்னை கே.கே. நகரிலும் அவ்வாறான ஒரு கல்லூரி உண்டு. இது காயப்பட்டவரின் பிள்ளைக்கு மட்டுமான ஒதுக்கீடு அல்ல. ஆனாலும் ஆலையில் நின்றவரின் மகள் வைத்தியராக வருவதற்கு அங்கே ஒரு கதவு திறந்திருக்கின்றது.

எமக்கு மிக நெருங்கிய உதாரணம் ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் உள்ளது. அங்கே 1988 இல் 'கிட்ஸ் சான்ஸ்' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்ல. வேலை விபத்து நட்டஈட்டு வழக்குகளைக் கையாண்ட சட்டத்தரணிகள். நட்டஈடு கிடைத்த வீட்டிலும் பிள்ளையின் கல்லூரிப் படிப்பு நின்றுபோவதை அவர்கள் தமது வேலையிலேயே கண்டார்கள். வேலையில் இறந்தவர்களின், கடுமையாகக் காயப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒரு புலமைப்பரிசில் நிதியை உருவாக்கினார்கள். பின்னர் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. காப்புறுதி நிறுவனங்களும் முதலாளிகளும் அதற்குப் பணம் கொடுக்கிறார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, காயத்தை முதலில் காண்பவர்களே பிள்ளையையும் தேடிப் போனார்கள் என்பதுதான்.

எமக்கு வேண்டியது

இங்கேயும் அது முடியாத காரியம் அல்ல. வேலை விபத்து நடந்த ஒவ்வொரு குடும்பத்தின் கோவையும் ஏதோ ஓர் அலுவலகத்தில் இருக்கின்றது. வைத்தியசாலையில், தொழில் திணைக்களத்தில், நட்டஈட்டு ஆணையாளர் அலுவலகத்தில், காப்புறுதிக் கம்பனியில் இருக்கின்றது. அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாக இருந்தால் போதும்: "வீட்டில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு?" பதிலைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினால், பிள்ளையைத் தேடி உதவி போகும். பிள்ளை உதவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, வேலையில் காயப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கென ஒரு தனி உயர்கல்விப் புலமைப்பரிசில் வேண்டும். அது கடனாக இருக்கக்கூடாது. விசாரணை முடியும் வரை காத்திராமல், விபத்து நடந்த முதல் மாதங்களிலேயே தொடங்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடச் செலவையும் சேர்க்க வேண்டும். அரசாங்கம் செய்யும் வரை தொழிற்சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள வர்த்தகர்களும், புலம்பெயர்ந்த உறவுகளும் சிறிய அளவில் தொடங்கலாம். ஒரு பாடசாலை ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்றாலும் அது ஒரு வீட்டின் தலைமுறையை மாற்றும்.

மூன்றாவது, எமது வீடுகளுக்குள் செய்ய வேண்டியது. காசு முடைப்படும்போது "பொம்பிளைப் பிள்ளைதானே, படிச்சது காணும்" என்ற பேச்சு எழும். சொந்தக்காரரும் அயலவரும் நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் யுத்தத்தில் துணையை இழந்த சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள். கையில் ஒரு தொழிலோ தகைமையோ இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையில் அந்த நாட்களில் எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள். இன்று கடைக்குப் போகும் மகளின் சம்பளம் இந்த மாத வாடகையைக் கட்டும். அவள் படித்து முடித்தால் அந்த வீடே நிமிரும்.

காயப்பட்டவர்களிடமும் ஒரு வார்த்தை. வேலை செய்ய முடியாமற் போன தகப்பன்மார் பலர், பிள்ளையின் படிப்பு நின்றது தன்னால்தான் என்று மனம் நொந்து, பேச்சையே குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் குடியில் விழுகிறார்கள். காயப்பட்ட தாய்மாரோ தமது மருந்தை நிறுத்திவிட்டுப் பிள்ளைக்குப் பஸ் காசு கொடுக்கிறார்கள். விபத்து உங்கள் பிழை அல்ல. உங்கள் உடல் தேய்ந்தது பிறருடைய தொழிலுக்காக. அதற்கு உரியதைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. நட்டஈட்டு விண்ணப்பத்தில் உங்கள் ஒப்பம்தான் வேண்டும். அந்த ஒப்பத்தை நீங்கள் இடும்போது பிள்ளையின் படிப்புக்கும் சேர்த்தே இடுகிறீர்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ வேலையில் காயப்பட்ட ஒருவர் இருந்தால், அவரது சுகத்தைக் கேட்கும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: "பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினமா? மூத்தது என்ன படிக்குது?" பதில் சொல்லத் தயங்கினால் உடனே கிராம உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமோ, பாடசாலை அதிபரிடமோ, உங்கள் மாதர் சங்கத்திடமோ சொல்லுங்கள். பதிவுக்குக் குறித்த நாள் கடந்துபோக முன்னர் சொல்லுங்கள். போன விரலை எவராலும் திருப்பித் தர முடியாது. பிள்ளையின் படிப்பை இன்னும் காப்பாற்றலாம்.